மோர்ன் ரூஜுக்கு ஒன்றாம் நம்பர் பஸ்

மோர்ன் ரூஜ், கிரெனடா
15 ஜனவரி 2009

ஆல்ரிக்குக்கு,

இங்கே நான் நலம். உன் நலத்துக்கும் குறைவிருக்காது. கப்பலில் வேளை தவறாமல் சோறு போடுகிறார்களாமே.

துறைமுக வாசலில் காவல் நிற்கும் ஃபீலிக்ஸ் நேற்று உன் கடிதத்தைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். உனக்குக் கப்பல் மாற்றிவிட்டார்கள், இனிப் பதினைந்து நாளுக்கு ஒரு புதன்கிழமை நம் துறைமுகத்துக்கே வருவாய் என்ற செய்தியையும் அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, என் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு மீன் வடையைத் தின்று தீர்த்தார். என் முகம் மாறவில்லை. அவர் போன பிறகு வெங்காயத்தோடு சேர்த்து விரலையும் நறுக்கிக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஐந்து வருஷமாக முகத்தைக் காட்டாத மனுஷன் கேட்கிற கேள்வியா இது? போன் நம்பர் கொடு, பேசலாம் என்கிறாய். வேண்டாம். போனில் நீ சிரித்தே ஆளைக் கவிழ்த்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் சிரிக்க முடியாது.

நேரில் வந்து கேள். துறைமுகத்துக்கெல்லாம் நான் வர மாட்டேன். கடற்கரையில் கடை வைத்திருக்கிறேன், அங்கேதான் இருப்பேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே. என் தங்கை ஜோஸ்லின் என்னை டொரண்டோவுக்குக் கூப்பிடுகிறாள். மார்ச் முதல் தேதிக்குள் வருகிறேனா இல்லையா என்று பதில் எழுத வேண்டும். வருகிறேன் என்று எழுதிவிட்டால் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். உனக்கு அதற்குள் மூன்று புதன்கிழமைதான் இருக்கிறது.

வழி மறந்திருக்கும் உனக்கு. வாசலைத் தாண்டியதும் டாக்சிக்காரர்கள் மொய்ப்பார்கள், நிற்காதே. பஸ் நிலையத்துக்கு நடந்து போய், கண்ணாடியில் ஒன்று என்று ஒட்டியிருக்கிற வேனில் ஏறு. கிராண்ட் ஆன்ஸில் வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், நீ இறங்காதே. மேடு ஏறும் வளைவில் வேனின் தகரத்தைத் தட்டு, நிறுத்துவார்கள். அங்கிருந்து கீழே இறங்கும் பாதையில் பத்து நிமிஷம் நடந்தால் நீலப் பலகை அடித்த கடை. ஒரு குழந்தைகூட வந்துவிடும்.

தெல்மா நோயல்


பிரிட்ஜ்டவுன், பார்படோஸ்
29 ஜனவரி 2009

அன்புள்ள தெல்மா,

திட்டுவதற்கு முன்னால் இதை முழுதும் படித்துவிடு. நேற்று நான் வந்தேன். சத்தியமாக வந்தேன்.

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை எனக்கு வெளியே போக அனுமதி. இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். டாக்சிக்காரர்களைத் தாண்டி, ஒன்றாம் நம்பர் வேனைக் கண்டுபிடித்து ஏறிவிட்டேன். உள்ளே பதினாறு பேர், ஒரு மூட்டை ஈரப்பலா. நடத்துநர் ஒரு பெரிய அம்மாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தாள். ஊர் என்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவு சரியாக இல்லை, தெல்மா. வண்டி துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பாட்டுச் சத்தத்தில் இருக்கை அதிர்ந்தது. யாருடைய பையிலிருந்தோ ஜாதிக்காய் வாசனை. வலதுபக்கம் கடல் வருவதும் வீடுகளுக்குப் பின்னால் போவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. தினமும் நான் கடல்மேல்தான் இருக்கிறேன். ஆனால் என் அறைக்கு ஜன்னல் கிடையாது, நான் பெருக்கித் துடைக்கிற அறைகளுக்குத்தான் உண்டு. ஐந்து வருஷமாகக் கடலையே பார்க்காதவன்போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி நின்றது. அந்த அம்மாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “இறங்குங்க சார், பீச் இதுதான். ரெண்டரைக்கு மேல தங்கிடாதீங்க, கப்பல் போயிடும்” என்றாள். நான் இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் பார்த்தேன், கிராண்ட் ஆன்ஸ். குடையும் நாற்காலியுமாக, நான் காலையில் துண்டு மடித்துக் கொடுத்த பயணிகளே அங்கே படுத்திருந்தார்கள்.

மணலோடு கடைசிவரை நடந்தேன். பாறை வந்துவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நீ என்று தெரியும். மணி இரண்டேகால். ஏறி இறங்கினால் உன்னைப் பார்க்கலாம், ஆனால் கப்பலைப் பிடிக்க முடியாது. சிறிது நேரம் பாறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த அம்மாள் ஏன் என்னை அங்கே இறக்கினாள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த முறை தவறாது.

அன்புடன்,
ஆல்ரிக்


மோர்ன் ரூஜ்
8 பிப்ரவரி 2009

ஆல்ரிக்,

அன்றைக்கு உனக்காக ஈரப்பலாவும் உப்பிறைச்சியும் தேங்காய்ப்பாலில் போட்டு ஆயில் டவுன் வைத்திருந்தேன். எவருக்காகவும் வைக்கவில்லை, புதன்கிழமை வழக்கமாக வைப்பதுதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மூன்று மணிக்கு உன் கப்பல் ஊதியது இங்கே கேட்டது. பானையோடு தூக்கிக் கடலில் எறிய இருந்தேன். பாவம், பானை என்ன செய்தது?

உன் கடிதம் வந்ததும் ஒன்றாம் நம்பர் வண்டியின் ஷெர்மாவை மறித்துக் கேட்டேன். அவள்தான் நீ சொல்லும் பெரிய அம்மாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அது உங்க வீட்டுக்காரரா? ஏறினவர் வாயே தெறக்கல, மிஸ் தெல்மா. வண்டியில ஏறிட்டு ஒரு வணக்கம்கூடச் சொல்லாத ஆள நான் என்னன்னு நெனப்பேன்? கப்பல்ல ஊர் சுத்திப் பாக்க வந்தவர்னு நெனச்சேன். கப்பல்காரங்களுக்கு கிராண்ட் ஆன்ஸ்தானே.”

கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் மொத்த வண்டிக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும் என்று நான் எழுதவில்லைதான். உன் சொந்த ஊரில் மூச்சு விடவும் நான் எழுதித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு, சிரித்து முடித்தபின், யோசித்தேன். நம் ஊர்க்காரி உன்னைப் பார்த்து அந்நியன் என்று நினைத்திருக்கிறாள், ஜன்னலோர இடம் வேறு கொடுத்திருக்கிறாள்.

சரி, நான் ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறேன். இவான் புயலில் நம் கூரை பறந்துபோனபோது நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். விடிந்து பார்த்தால் தலைக்குமேல் வானம். மலையில் ஒரு மரத்திலும் இலை இல்லை. எல்லார் வீட்டுக்கும் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தார்கள். எனக்கு நீ சாமான் போட்டு அனுப்பிய ஒரு பீப்பாய் வந்தது. அதில் படுக்கை விரிப்பும் சோப்பும் இருந்தன. விரிப்பை எங்கே விரிக்க, ஆல்ரிக்? நீ ஏன் வரவில்லை?

இதற்குப் பதில் எழுது. பஸ்ஸெல்லாம் பிறகு.

தெல்மா


கப்பலிலிருந்து
11 பிப்ரவரி 2009

அன்புள்ள தெல்மா,

துறைமுகத்தில்தான் நிற்கிறோம். ஆனால் இன்று இறங்க முடியாது. பயணிகள் பலருக்கு வயிற்றுப்போக்கு, ஒவ்வொரு அறையையும் இரண்டு தடவை கழுவச் சொல்லியிருக்கிறார்கள். உன் கடிதத்தைக் காலையில் ஃபீலிக்ஸ் கொடுத்தனுப்பினார். துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விடுப்பு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொல்லச் சொல்லி அக்கம்பக்கத்தாருக்கு அப்போது எழுதினேன். அது பொய். அப்போது அலாஸ்காவில் இருந்தோம். கேப்டனே கூப்பிட்டு, போய்விட்டு வா என்றார். பெட்டி கட்டினேன். கட்டிய பெட்டியை அன்று சாயந்திரமே அவிழ்த்துவிட்டேன். கூரையில்லாத வீட்டுக்குள் நீ நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. பார்க்காமல் இருந்துவிட்டால் அது நடக்காததுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வருவது? ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் அடுத்ததில் கையெழுத்துப் போட்டேன்.

நான் கோழை, தெல்மா. வேறு காரணம் எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு வராதே என்று நீ சொன்னால் வரமாட்டேன். சொல்லாவிட்டால் இருபத்தைந்தாம் தேதி வருவேன்.

ஆல்ரிக்


மோர்ன் ரூஜ்
26 பிப்ரவரி 2009

அன்புள்ள ஆல்ரிக்,

நேற்று நாம் பேசியது நாலு வார்த்தைதான். அதனால் இந்தக் கடிதம்.

நீ வந்த கதையை நீ சொல்வதற்கு முன்பே ஷெர்மா எனக்குச் சொல்லிவிட்டாள். ஏறும்போது நீ வணக்கம் வைத்த சத்தத்தில் ஓட்டுநர் பாட்டையே குறைத்தாராம். மொத்த வண்டியும் திருப்பி வணக்கம் சொன்னதாம். நீ யார் மகன் என்று ஒரு கிழவி விசாரித்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டதாம். நீ சரியான பாதையில்தான் இறங்குகிறாயா என்று பார்ப்பதற்கு வண்டியை நிறுத்திவைத்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்களாம். ஊருக்கு வேறு வேலையே இல்லை.

நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் வந்தாய். ஐந்து வருஷமாக நான் சேர்த்துவைத்த வசவு ஒரு வண்டி இருந்தது. “என்ன இப்படி எளச்சுட்ட” என்றுதான் வாயில் வந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சாப்பிட்டாய். பிறகு இருவரும் உடுத்திய துணியோடு கடலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றோம். அலையே இல்லை நேற்று. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நம் இரண்டு தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்ததுபோல் இருந்தது. கோழை என்று எழுதியிருந்தாயே, அதை ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாய் என்றேன். நீ சிரிக்கவில்லை. கூரையை யார் போட்டது என்று கேட்டாய். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன், ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாய். பிறகு, “ஜூன்ல வரட்டுமா?” என்றாய். கோக்கோ ஆறிவிடும் என்று நான் கரைக்கு நடந்தேன்.

கரையேறி வாதுமை மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். ஒரு வாய் கோக்கோ குடித்தாய், இரண்டாவது வாய்க்குள் தூங்கிப்போனாய். எப்படித் தூங்கினாய் தெரியுமா? வாயைத் திறந்துகொண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக. உன்மேல் இலை விழுந்தது. ஒரு கோழி வந்து உன் பாதத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. நீ அசையவில்லை. மீன் வாங்க வந்த பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள்.

மணி இரண்டு ஆனது. இரண்டேகால். அந்தப் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “எழுப்பாதடி. கப்பல் போகட்டும். நாலு மணிக்கு எந்திரிச்சு எங்கே போவாரு?” என்றார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கப்பல் விட்டுவிட்டுப் போனதால் கிடைத்த புருஷன் எனக்கெதற்கு என்று ஒரு ரோஷமும் வந்தது. வருவதென்றால் விழித்துக்கொண்டு வரட்டும் என்று உன் தோளைத் தொட்டேன்.

நீ துள்ளி எழுந்தாய். கண் இன்னும் திறக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாய், குனிந்து அந்தச் சாக்கின் சுருக்கத்தைக் கையால் நீவி, நான்கு மூலையையும் சரிசெய்தாய். “இதோ ஆயிடுச்சு, மேடம். அஞ்சே நிமிஷம், மேடம்” என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ கண்ணைத் திறந்து, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் நீயும் சிரித்தாய். அதற்குள் மேட்டில் ஷெர்மாவின் வண்டி ஹாரன் அடித்தது, நீ ஓடிவிட்டாய். நீ சொன்னது உனக்கே தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

சாயந்திரம் தட்டுக் கழுவும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் மழையில் நனைந்தபோது இவன் மெத்தையில் படுத்திருந்தான் என்று நினைத்தேன். நீ யாருக்கோ மெத்தை விரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். தூக்கத்திலும் விரித்துக்கொண்டிருக்கிறாய். நேற்றுத்தான் ஒரு மணி நேரம் படுத்தாய், அதையும் நான் கெடுத்தேன்.

கூரைக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகாது. நீ வந்த பிறகும் மாதம் ஒரு தடவை எடுத்துப் போடுவேன், தலையைக் குனிந்து வாங்கிக்கொள். டொரண்டோவுக்கு வரவில்லை என்று இன்று காலையிலேயே ஜோஸ்லினுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அவள் திட்டுவாள், அது என் பாடு.

ஜூனில் வா. வந்து சாப்பிட்டுவிட்டுப் படு. நான் எழுப்ப மாட்டேன்.

உன்,
தெல்மா