தோடம்பழம் வெட்டியவன்

12 ஜூன் 1972, திங்கள்

ஒப்புக்கொள்கிறேன். 1956இல் கொழும்பு அணிக்கு எதிரான றகர் ஆட்டத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தை வெல்ல வைத்த ட்றையைப் போட்டவன் நான் அல்ல. ஜெயராஜா. முட்டைப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று பேரை இழுத்தபடி, சேற்றில் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து பந்தை ஊன்றினான், அதுதான் ட்றை. பதினைந்து பேர் கொண்ட அணியில் நான் பதினாறாவது. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுபவன். அந்த நேரம் மிஞ்சியதைத் தின்றுகொண்டிருந்தேன்.

அவனை அடக்கம் செய்து ஆறு நாள். அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்கப் போட்ட விறைப்பு ஊசி இறங்காதது போல.

இன்று அவன் மனைவி அஞ்சலா: "அண்ணன், முப்பத்தொண்டுக்கு நினைவு மலர் அடிக்கிறம். அவர்ர விளையாட்டுப் பக்கத்த நீங்கதான் எழுதணும். கூட விளையாடின ஆள்."

கூட விளையாடின ஆள். தேத்தண்ணி தந்தாள். சீனி போட்டிருந்ததா, தெரியவில்லை.

14 ஜூன்

மலருக்கு அவனுடைய கிறிக்கெற் பகுதி எழுதி முடிந்தது. நான்கு வருடம், தொடக்க ஆட்டக்காரன், இரண்டு சதம். அதில் நான் எதையும் திருடவில்லை, சுலபமாக வந்தது. றகர் வரவில்லை.

18 ஜூன், ஞாயிறு

அந்த ஆட்டத்துக்கு அடுத்த வாரம் எனக்குப் புஸ்பத்தைப் பெண் பார்க்கப் போனோம். என் மூக்கில் பிளாஸ்டர் – கூடாரக் கம்பத்தில் இடித்தது. அவளுடைய அப்பா கேட்டார்: "தம்பி, அந்த ட்றை போடக்குள்ள பட்ட அடியோ?" நான் வாய் திறக்குமுன், பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்த ஜெயராஜா, "ஓம், இவன்தான் போட்ட" என்றான்.

அவன் தந்தான். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு ஊரெல்லாம் விற்றேன். மஜீட்டின் பழக்கடையில் வத்தகப்பழத்தைக் கட்டிப்பிடித்து விழுந்தே காட்டியிருக்கிறேன். பழம் உடைந்தது.

20 ஜூன்

எழுதிவிட்டேன். ட்றை ஜெயராஜாவுடையது, பழம் வெட்டியவன் லூர்து என்ற நான். முதலில் புஸ்பத்துக்கு வாசித்தேன். வெங்காயம் உரித்தபடி, "அப்ப நான் பிழையான ஆளையா கட்டின?" என்றாள். கொஞ்சம் கழித்து, "இண்டைக்கே கொண்டு குடுங்க. நாளைக்கெண்டா மாத்திருவீங்க."

கல்லடிப் பாலத்தால் நடந்தே போய்க் கொடுத்தேன். இனி மஜீட் கடைப்பக்கம் போக முடியாது. அதற்கும் மனம் அசையவில்லை.

5 ஜூலை, புதன்

முப்பத்தோராம் நாள் பூசை. கோயில் வாசலில் மலர் கொடுத்தார்கள். எல்லோரும் புரட்டினார்கள். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏன்?

அஞ்சலா பக்கத்தில் வந்தாள். "கோவிக்காதிங்க அண்ணன், ஒரு இடத்த மட்டும் திருத்தினன். அவர்ல உங்களுக்கு இருக்கிற அன்பு எனக்கு விளங்குது. ஆனா கட்டின நாள்ல இருந்து அவர் எனக்குச் சொன்னது வேற. செத்த மனிசனுக்குப் பொய்ப் பெருமை வேணாம்."

ஏழாம் பக்கம். ட்றை போட்டவர் லூர்து. தோடம்பழம் வெட்டியவர் ஜெயராஜா.