மூன்றாம் கேள்விக்கு வந்த பதில்

மார்ச் 3, திங்கள்
இன்று வகுப்பில் மானம் கப்பலேறியது. மாதிரி வழக்கில் குறுக்கு விசாரணை என் முறை. பதினைந்து கேள்விகளும் மனப்பாடம். பக்கத்திலேயே சாட்சி சொல்லவேண்டிய பதில்களையும் நானே எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது, தெருவிளக்கு எரிந்ததா என்பது; அதற்கு ‘ஆமாம்’. சாட்சியாக நின்றவளோ, “அந்தத் தெருவுல விளக்கே இல்லையே” என்றாள். நான் பாட்டுக்கு நான்காவதைக் கேட்டேன்: “அந்த விளக்கு மஞ்சளா, வெள்ளையா?”

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “கேள்வி கேட்டீங்களா, ஒப்பிச்சீங்களா?”

மார்ச் 4
தூக்கமே இல்லை.

மார்ச் 6, வியாழன்
பதினான்காம் தேதி குறுக்கு விசாரணைத் தேர்வு. போன வருடம் இதில்தான் வாயடைத்து நின்று தோற்றேன். இதுவும் போனால் இன்னொரு வருடம். கூடப் படித்தவர்கள் எல்லாம் கறுப்புக் கோட்டு போட்டாயிற்று.

கேள்விகளை இருபத்திரண்டாக்கினேன். எதற்கு? சும்மா இருக்க முடியவில்லை, அதற்குத்தான்.

மார்ச் 9, ஞாயிறு
அக்காவைச் சாட்சியாக்கினேன். காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கத்திவிட்டேன். “நீ எழுதுனதையே சொல்லணும்னா நான் எதுக்குடி? ரெண்டு பக்கமும் நீயே பேசிக்கோ” என்றாள்.

அவ சொன்னது சரிதான். அதான் எரிச்சலா வருது.

மார்ச் 13
பதில்களை மட்டும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி
சாட்சியாக வந்தவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். ஐந்தாவது கேள்வி: “திருடினவரை நேர்ல பாத்தீங்க, அப்படித்தானே?”

“பாத்தேன்னு... இருமல் சத்தத்தை வச்சு அவர்தான்னு...” என்று இழுத்தார்.

இது என் தாளில் எங்குமே இல்லை. ஆறாவதைத் தேடாமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அப்போ முகத்தைப் பாக்கலை?”

“பாக்கலை.”

மீதிப் பதினேழு கேள்விகளையும் மடித்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். நான்கே நிமிடம். செய்தது சரியா, பைத்தியக்காரத்தனமா? வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்
தேறி வாங்கிய கறுப்புக் கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளப்பு. என் முதல் கட்சிக்காரர் ஒரு தையல்காரம்மா. நீதிமன்ற வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, நடுங்குது?”

“பயமா இருக்கும்மா.” மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

“எனக்கும்தான்.” நகர்ந்து இடம் விட்டார். “உக்காருங்க. கூப்பிடறதுக்குள்ள நடந்ததை இன்னொரு தடவ சொல்லிடறேன்.”

பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன்.