விழுவதற்கு நல்ல ஊர்

நேற்று பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறி நாலு தும்மல் வந்தது. அரக்கும் மாம்பழ நிறமும் மாறி மாறி வர, உச்சியில் ஒரு குஞ்சம். நீ பின்னியது. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, ஓர் இழைகூட வெளுக்கவில்லை. தொப்பியாக அது ஒரு நாள்கூட ஒழுங்காக உழைக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அதைத் தேட வைத்தவன் என் மகள் செல்வியின் மகன். பெண்டாட்டி, பிள்ளைகளோடு முதல் தடவையாகப் பனிச்சறுக்குக்குப் போகிறானாம். கூடத்தில் உட்கார்ந்து போனில் ஊர் தேடிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். "எல்லா ஊர்லயும் புதுசா கத்துக்கறவங்களுக்கு ஏத்த இடம்னே போட்டிருக்கு ஆயா, எதை நம்பறது?" என்றான். "அந்த ஊர் எலும்பு டாக்டரைப் பத்தி விசாரிடா" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் நம் சூப்பர்வைசர் உன்னைப் பார்த்த அதே பார்வை. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? போன மார்கழியில் நீ கண்ணை மூடியதிலிருந்து இந்த மாதிரி விஷயங்களுக்கு எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதில் ஹெட்செட், எதிரே ஓட்டை ஓட்டையாகப் போர்டு, இரண்டு கையிலும் ஒயர். பட்டுக்கடை முதலாளிகள் ஜரிகைக்காக சூரத்துக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நம்மைக் கூப்பிட்டுக் காய்ச்சுவார்கள். நீ யாருக்கும் மசிய மாட்டாய். ஒரு டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு, அது ஆனால் "மூணு நிமிஷம் ஆச்சு" என்று நடுவில் புகுந்துவிடுவாய். ஒரு விநாடி முன்னேயும் கிடையாது, பின்னேயும் கிடையாது. பம்பாயிலிருந்து உன் சொந்த அண்ணன் பேசும்போதே, அவர் தம் குழந்தைக்குப் பெயர் சொல்ல வாயெடுத்த இடத்தில் வெட்டினவள் நீ. என்ன பெயர் என்று கடிதம் வந்துதான் தெரிந்தது.

செல்விக்கு அப்போது பதினோரு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு நடப்பாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குக் காவல் உட்காருவது அவள் வேலை. யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. எல்லாரும் பாவம் பார்த்தார்கள். அதுதான் அவளுக்கு ஆகவில்லை.

அந்த வருஷம் ஒரு ஜரிகைக் கடை கொடுத்த காலண்டரில் பனிமலைப் படம். கலர் கலராகச் சட்டை போட்டவர்கள் காலில் பலகை கட்டிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இதுல யாருமே நடக்கலை பாரேன். எல்லாரும் வழுக்கிக்கினே போறாங்க. அந்த ஊருக்குப் போலாம்மா."

மறுநாள் உன்னிடம் சொன்னேன். நீ ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "எல்.டி.சி. வெச்சிருக்கியே, இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்குற? ஊறுகா போடவா?" என்றாய். நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர ஆபீஸ் கொடுத்த சலுகை அது. எனக்கு வருகிற மார்ச்சோடு காலாவதி. ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஊட்டி, கொடைக்கானல், "குளிர்தானே வேணும், ஏற்காடு போதாதா?" நீ ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னாய்: "குளிருக்கா போவுது கொழந்தை? வழுக்கப் போவுது."

பனி இருக்கும் ஊர்கள் வடக்கே நிறைய இருந்தன. எது லேசானது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஒரே ஒரு பயம். நாட்டின் அந்த மூலைக்குக் கூட்டிப்போய், அங்கேயும் மேடு செங்குத்தாக இருந்து, இவள் ஓரமாகச் செருப்புக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டால்? அதற்குப் போகாமலே இருக்கலாம்.

லைன் ஓய்ந்த நேரங்களில் நீ ஆரம்பித்தாய். மெட்ராஸ் ஆபரேட்டரைப் பிடித்து, அவள் வழியாக டில்லியைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு மலையூராக. பாதி இங்கிலீஷ், பாதி நீ பரீட்சை எழுதிப் பாஸ் செய்த இந்தி. சூப்பர்வைசர் தலை தெரிந்தால் "லைன் டெஸ்ட் பண்றேன் சார்." கேட்ட ஆபரேட்டர்கள் எல்லாரும் எங்கள் ஊர் மாதிரி உண்டா என்றார்கள். அப்போதுதான் உன் மூளை வேலை செய்தது. "இந்த ஊர்ல யாருக்குப் பிரசவம், யாருக்கு நிச்சயம், எல்லாம் நமக்குத் தெரியுது இல்ல? அங்க இருக்குறவளுக்கும் தெரியும். ஊரைப் பத்திக் கேட்டா பெருமை பேசுவா. எலும்பு டாக்டரைப் பத்திக் கேட்டா உண்மையைச் சொல்லுவா" என்றாய்.

முதல் ஊர்ப் பெயரை இன்றைக்கும் எழுத மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் பாவம். பனிக்காலத்தில் அங்கே எலும்பு டாக்டர் நம்பர் எப்போது பார்த்தாலும் எங்கேஜ்டு என்றாளாம் ஆபரேட்டர். சிவப்புப் பென்சிலால் அடித்தாய். இரண்டாவது ஊரில் டாக்டர் போன வருஷம்தான் ஆஸ்பத்திரிக்கு மாடி கட்டியிருந்தார். "மாடி கட்டற அளவுக்கு கால் ஒடஞ்சிருக்குது, வேணாம்மா" என்று அதையும் அடித்தாய். மூன்றாவதாக சிம்லா. கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் சிரித்தாள். உன் ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. சிம்லாவுக்கு மேலே குஃப்ரியில் ஒரு சின்ன மேடு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை டாக்டரே பேரப்பிள்ளைகளோடு அங்கே சறுக்கிக்கொண்டிருப்பாராம், அவசரம் என்றால் ஆள் அனுப்பி அங்கிருந்துதான் அழைத்து வருவார்களாம். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதாம்மா விழறதுக்கு நல்ல ஊரு" என்றாய்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் நாள் முழுக்க அசையாத மனுஷர், டவுன் பஸ்ஸில்கூடக் கம்பியை இரண்டு கையாலும் பிடிப்பவர். பழகாமல் எப்படிப் போவது என்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நால்வரும் பஸ் ஏறித் தென்னேரிக்குப் போனோம். ஏரிக்கரைச் சரிவில் புல் மண்டிக் கிடந்தது. காய்ந்த தென்னை மட்டையை அடியில் போட்டு அதன்மேல் அவர் உட்கார்ந்தார். நீ பின்னாலிருந்து தள்ளினாய். மட்டை பாதியிலேயே நின்றுவிட, அவர் மட்டும் கீழே போய்ச் சேர்ந்தார். வரப்பில் போன ஓர் அம்மா நின்று கேட்டாள், "இன்னாத்துக்குமா அந்த ஆளை உருட்டி விடறீங்க? இன்னா தப்பு பண்ணாரு?" நீ புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

அதற்குள் பத்து இருபது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். செல்வி முறை வந்தது. அவள் வரவில்லை. கரையின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, நம் மூன்று பேர் செருப்பையும் வரிசையாக அடுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். வாலாஜாபாத் தாண்டியதும் நீ ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாய். பிறகு, "அவளுக்கு விழறது பயமில்லமா. விழறதைப் பாக்கறவங்கதான் பயம். நான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன்" என்றாய்.

திங்கட்கிழமை மறுபடியும் சிம்லாவைப் பிடித்தாய். அந்த மேட்டில் வேடிக்கை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்டாய். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லையாம். நிற்பதா? நின்றால் குளிரில் விறைத்துப் போய்விடுவார்களே, வந்தவர்கள் எல்லாரும் சறுக்கித்தான் ஆக வேண்டும் என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரமே எங்கள் வீட்டுக்காரரிடம் மிச்சப் பட்டு இழைகளை வாங்கிக்கொண்டு போய்த் தொப்பி பின்ன உட்கார்ந்தாய். கம்பளி வாங்கலாமே என்றேன். "பட்டைவிடச் சூடு எதுமா?" என்றாய். காஞ்சிபுரத்துக்காரி வேறு எப்படிப் பேசுவாள்!

பொங்கல் முடிந்து கிளம்பினோம். டில்லி, கல்கா, அங்கிருந்து பொம்மை ரயில். குஃப்ரியில் அந்த மேட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்னேரிக் கரையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. மேலிருந்து கீழ்வரை ஜனங்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். கிழவர், குழந்தை, புதுசாகக் கல்யாணமான ஜோடி, தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய மனிதர், எல்லாரும். தலை நரைத்த யாரைப் பார்த்தாலும் டாக்டர் என்று நினைத்து எங்கள் வீட்டுக்காரர் கும்பிட்டார்.

உன் தொப்பி தலையில் நிற்கவே இல்லை. பட்டு வழுக்கியது. ஒவ்வொரு முறையும் செல்விக்கு முன்னால் தொப்பி போய்ச் சேர்ந்தது. முதலில் உட்கார்ந்து போகும் பலகையில் விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல், நின்றுதான் போவேன் என்று அடம். சொல்லிக்கொடுக்கிற ஆள் அவள் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பலகையில் இறுக்கிக் கட்டினான். விழுந்தாள். எழுந்தாள். திரும்ப விழுந்தாள். நான் ஓடப் பார்த்தேன். பக்கத்தில் விழுந்து கிடந்த ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரிக்க, அவளும் சிரிக்க, நான் நின்றுவிட்டேன்.

நீ சொல்லி அனுப்பியிருந்தபடி அன்று சாயங்காலமே சிம்லாவுக்கு இறங்கித் தபால் ஆபீஸிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு டிரங்க் கால் போட்டேன். ரொம்ப நேரம் காத்திருந்து கிடைத்தது. ஹலோகூட இல்லை, "விழுந்தாளா?" என்றாய். "பதினோரு தடவை" என்றேன். செல்வி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்: "அத்தை, இங்க எல்லாரும் விழறாங்க! அப்பா பதினாலு வாட்டி விழுந்தாரு! என்னை யாருமே பாவம் சொல்லலை அத்தை!"

அந்தப் பக்கம் உன் குரல், ஒரு மாதிரி கம்மிப்போய்: "மூணு நிமிஷம் ஆச்சு." லைன் போய்விட்டது.

ஊர் திரும்பியதும், ஏன் அப்படிப் பட்டென்று வெட்டினாய் என்று கேட்டேன். "லைன் டிரபிள்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் போர்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நானும் விட்டுவிட்டேன். பிறகு சூப்பர்வைசர்தான் சொன்னார், அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை என்று. திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண் நீ, பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டாய். தினமும் ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பவள், கை கழுவப் போகும் நேரத்தில் எங்கள் டிரங்க் கால் வந்துவிட்டால் என்று திறக்காமலே உட்கார்ந்திருந்தாயாம். பொழுதும் போய்விட்டது.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் பேசித் தீர்த்தோம். ஒன்றை மட்டும் நான் உன்னிடம் சொல்லவில்லை. சிம்லா தபால் ஆபீஸில் எனக்கு நேர் எதிரே ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் இருந்தது. பழக்க தோஷம், நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். நீ வெட்டும்போது இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

நேற்று பேரன் கடைசியில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டான். ஒரு விடுதிக்குப் போன் போட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே டாக்டரைப் பற்றி விசாரித்தான். ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "அங்கேயே போடா" என்றேன். செல்வியும் கூடப் போகிறாள். அறுபது வயசில் உனக்கு எதற்கடி என்றால், "விழத்தானேம்மா போறேன்" என்கிறாள். தொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டேன். இந்த முறை கீழே நாடா தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மேட்டிலிருந்தே போன் பண்ணுவாளாம். இப்போது மூன்று நிமிஷக் கணக்கெல்லாம் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். என்னால் முடியாது. "விழுந்தியா?" என்று கேட்பேன், அவள் எண்ணிக்கை சொல்வாள், இரண்டு நிமிஷத்தில் நான் போனை வைத்துவிடுவேன். ஏன் வைத்தாய் என்று கேட்டால், லைன் டிரபிள் என்று சொல்லிக்கொள்கிறேன்.