விலையில்லாத் தோல்

ஒரோதாரா
7 ஏப்ரல் 1991

அன்புத் தம்பி லாசினா,

பிரான்சில் இன்னும் குளிர் விடவில்லையாமே. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நோன்பு வேறு.

நீ டிசம்பரில் வந்து பொருத்திவிட்டுப் போன அண்டாக்கள் ஓடுகின்றன. மாம்பழத் தோலை அமிலத்தில் வேகவைத்து, ஜாமை உறைய வைக்கும் அந்தப் பொடியில் முதல் மூட்டை எடுத்துவிட்டோம். கொட்டகையை வங்கியில் அடகு வைத்த பயம் கொஞ்சம் தெளிந்தது.

ஒரு சங்கடம். பழம் சீவும் பெண்கள் சாயங்காலம் தோலை வாரிக்கொண்டு போவார்களே, அதில்தான் அவர்களுடைய ஹஜ்ஜுப் பெருநாள் கிடா கொழுக்கும். அவர்களில் ஒருத்தியான நம் கோரோட்டும் நேற்று எல்லார் முன்னாலும், "ஏண்டி சலிமாதா, தோலக்கூடப் பூட்டி வெக்கப்போறியா? இதுக்கா ஒந்தம்பி கப்பலேறிப் போனான்?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். சின்ன வயசுச் சிநேகிதி, மனசு கேட்கவில்லை. என்ன செய்யட்டும்?

உன் அக்கா
சலிமாதா

மோம்பெலியே
21 ஏப்ரல் 1991

அன்புள்ள அக்கா,

இளகாதே. முள்வேலி போடு. கழிவுக்கு விலை கிடையாது என்பதில்தான் என் ஆய்வே நிற்கிறது. தோலுக்கு ஏதாவது கொடுக்கத் தொடங்கினால் தொழிலே நஷ்டம்.

இன்னொன்று. வெந்த சக்கையில் சுண்ணாம்பு கலக்கச் சொன்னேனே, அதை நிறுத்திவிடு. போபோ நகரத்திலிருந்து சுண்ணாம்பு வரும் லாரி வாடகையே லாபத்தைத் தின்கிறது. பின்னால் குழி வெட்டிக் கொட்டு. ஜூனில் பேராசிரியர் கணக்கைப் பார்க்கிறார்.

கோரோட்டும் அக்காவுக்குப் பெருநாளுக்கு ஒரு நல்ல துணி எடுத்துக் கொடு. கோபம் ஆறிவிடும்.

உன் பிரியமுள்ள
லாசினா

ஒரோதாரா
12 ஜூன் 1991

லாசினா,

வேலி போட்டேன். வழக்கமாகத் தோல் குவிக்கும் இடத்திலேயே குழியும் வெட்டினேன், வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் வேலியைப் பிரித்து, எப்போதும்போல அள்ளிப் போயிருக்கிறார்கள். பார்வைக்கு அது வெந்த தோல்தானே.

ஆடுகள் வயிறு ஊதி, நுரை தள்ளிச் செத்தன. தெருவில் பாதி வீட்டில் பெருநாளுக்குக் கிடா இல்லை. கோரோட்டும் வீட்டில் கிடாவோடு சினையாடும் போனது. "வெசம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏன்டி தொடப்போறோம்?" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எனக்கே தெரியாது என்றேன். நம்பவில்லை.

அந்தச் சுண்ணாம்புதான் விஷத்தை முறிக்கும் என்று எனக்கு ஏன்டா சொல்லவில்லை? இந்த ஊரில் தோல் அள்ளுவதை யாரும் திருட்டாக நினைக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாதா? அப்படி அள்ளி வளர்த்த ஆட்டை விற்றுத்தானே உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்தோம்?

சீவ ஒருத்தியும் வருவதில்லை. கூடை கூடையாகப் பழம் அழுகுகிறது. நீ வா. வந்து, சுண்ணாம்பை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். முடியாவிட்டால் எழுதியாவது அனுப்பு, பள்ளிவாசலில் படிக்கச் சொல்கிறேன்.

சலிமாதா

மோம்பெலியே
24 ஜூன் 1991

அன்புள்ள அக்கா,

படித்து மிகவும் வருந்தினேன். ஆய்வை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், பேராசிரியர் கை கொடுத்தார். இந்த நேரத்தில் என்னால் வர முடியாது. அப்படி எழுதிக் கொடுத்தாலும் என் பட்டத்துக்கே ஆபத்து. நீ புரிந்துகொள்வாய்.

சுண்ணாம்பையும் செத்த ஆடுகளையும் சேர்த்துப் புதிய கணக்கு போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியும் ஐந்தாம் வருஷம் லாபம் வருகிறது. தைரியமாக இரு.

உன் பிரியமுள்ள
லாசினா

ஒரோதாரா
9 ஜூலை 1991

லாசினா,

கொட்டகையை வங்கிக்காரர்கள் பூட்டிவிட்டார்கள்.

பெருநாளுக்கு முந்தின நாள் என் கிடாவை ஓட்டிப்போய்க் கோரோட்டும் வீட்டில் கட்டிவிட்டு வந்தேன். விடிந்து பார்த்தால் அது என் வாசலில் நின்றது. கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் அறுக்கவில்லை. நான் கொடுக்கும் கறிக்குத் தட்டு நீட்ட இந்தத் தெருவில் ஒரு வீடு இல்லை. தனியாக உட்கார்ந்து தின்பதற்கா பெருநாள்? கிடா இன்னும் கட்டின இடத்தில்தான் நிற்கிறது. பழம் சீவ ஆளில்லாததால் தோலும் கிடைக்காமல் இளைத்துவிட்டது.

உன் கணக்கைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஆடு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, கோரோட்டும் இல்லை. நானும் இல்லை.

இனி உன்னிடமிருந்து வரும் கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன்.

சலிமாதா