கட்டுரையின் மறுபாதி

மார்ச் 4
தராசு கேக் வாங்கி வந்திருந்தார். துறைத்தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். என் கட்டுரை ஒன்றை மற்ற ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாம். அறுவை சிகிச்சை முடிந்தவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற கட்டுரை. மறுநாளே ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மட்டுமே என்றும் அதில் இருக்கிறது. அந்த மறுபாதியை யாரும் தொடுவதில்லை. மூலத்தைத் திறந்து பார்த்தால்தானே? ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துப் போடுகிறார்கள். பக்க எண்ணைக்கூட எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகவே போடுகிறார்கள். ஈயடிச்சான் காப்பி.

"இது ஒண்ணு போதும், பேராசிரியர் போஸ்ட் உங்களுக்குத்தான்" என்றார் தராசு. கேக்கில் இனிப்பு அதிகம்.

மார்ச் 11
அக்காவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை. நன்றாக முடிந்தது. அத்தான் தன் பள்ளிப் பேருந்தை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு வராந்தாவிலேயே நின்றிருந்தார்.

மார்ச் 13
வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். "ஆராய்ச்சியே சொல்லுது மேடம். எங்க ஆஸ்பத்திரி ரூலே அதை வெச்சுத்தான்."

அது என் கட்டுரை என்றேன். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு நர்ஸ் வருவாரா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் ஆள் ஏது மேடம்?" அப்படியானால் அக்கா இன்னும் சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றேன். அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டுமாம். பெரிய டாக்டரிடம் பேசக் கிளம்பினேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம இரு. என் தங்கச்சி எழுதினதை நானே நம்பலன்னா வேற யாரு நம்புவா?"

பக்கத்துக் கட்டில்காரியிடமும் சொல்லிவிட்டாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. தினமும் நானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் ஆராய்ச்சியில் எண் பார்க்கிறவள். புண் பார்க்கத் தெரிந்தவள் இல்லை.

மார்ச் 17
வீட்டுக்கு வந்த அக்காவுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. "ஆபரேஷன் பண்ணா இப்படித்தான் இருக்கும்போல" என்று அத்தானிடம் சொன்னாளாம். உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. மறுபடியும் ஆஸ்பத்திரி.

மார்ச் 19
அக்கா போய்விட்டாள்.

ஏப்ரல் 2
வேலைக்குப் போனேன். எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். துக்கம் தொண்டையை அடைக்கும் என்பார்களே — எனக்கு ஒன்றும் அடைக்கவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவள் படத்தைப் பார்த்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளுவது போல இருந்தது. மேற்கோள் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஏப்ரல் 9
கட்டுரை வந்த இதழுக்கே கடிதம் எழுதினேன். தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்: நர்ஸ் போகாத இடத்தில் நோயாளியைச் சீக்கிரம் அனுப்ப என் கட்டுரை ஆதாரம் அல்ல. தராசிடம் காட்டினேன்.

"தேர்வுக் குழு கூடப்போற நேரத்துல ஏம்மா இது? தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? உங்க கட்டுரையை நீங்களே கவுத்தா போஸ்ட் போயிடும்."

போகட்டும் என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 20
கடிதம் வெளிவந்தது. அரைப் பக்கம்.

நவம்பர் 12
தேர்வுக் குழு. கடிதத்தைப் பற்றிக் கேட்டுக் குடைவார்கள் என்று தயாராகத்தான் போனேன். ஓர் உறுப்பினர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க லெட்டருக்கே ஏழு சைட்டேஷன்! பிரமாதம்!" என்றார். தராசுக்கு வாயெல்லாம் பல்.

அறைக்கு வந்து, கடிதத்தை மேற்கோள் காட்டிய ஏழு கட்டுரைகளையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பானது. ஆதாரம் என் கட்டுரை. கூடவே, அது ஆதாரம் அல்ல என்று நான் எழுதிய கடிதம்.

தலைப்பைக்கூடவா படிக்க மாட்டீங்க? என்ன மனுஷங்க நீங்கள்லாம்? இன்னும் எப்படித்தான் சொல்றது — எனக்குச் சிரிப்புதான் வந்தது.

டிசம்பர் 1
உத்தரவு வந்தது. பேராசிரியர். மறுக்கலாமா என்று யோசித்தேன். மறுப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் உயிர் வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 4
அத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அவ இருந்தா பஸ்ல வர்ற பிள்ளைங்க வரைக்கும் சொல்லியிருப்பா" என்றார். பிறகு அவரே கேட்டார்.

"அந்தக் கட்டுரையில அப்படி என்னதாம்மா எழுதியிருக்கே? எனக்குப் படிச்சுச் சொல்லேன்."

இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கைப்பேசியில் திறந்து, புரிகிற மாதிரி வரி வரியாகச் சொன்னேன். நர்ஸ் பற்றிய வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"இது அப்பவே இருந்துச்சா?"

"ஆமா அத்தான். முதல்லேர்ந்தே இருக்கு."

எழுந்து சமையலறைக்குப் போனார். எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டார். இந்தப் பக்கம் நானும் அழுதேன், முதல் முறையாக.