அம்மா கட்டிய சாம்பல் கக்கூஸ்

வேப்பந்தட்டை
12.2.2006

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் போன வாரம் குட்டி போட்ட வெள்ளாடும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தலைப்பிரசவத்தை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன், வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போக என்னால் ஆகாது என்று எழுதியிருந்தாய். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வராத வீடு என்று நாலு பேர் பேசுவார்கள், அது கிடக்கட்டும். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதுதான் சுட்டது.

இனி ஓடை வேண்டாம் அம்மாடி. வளைகாப்புக்கு வரும்போது நேரில் சொல்லலாம் என்றிருந்தோம், உன் கடிதம் முந்திக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு நீ வந்துவிட்டுப் போன மறுமாதமே அம்மா கொல்லையில் கக்கூஸ் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நாலடி தோண்டினால் பாறை, தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர், இதில் எங்கே கக்கூஸ் என்று நான் சிரித்தேன். அவள் மகளிர் குழுவோடு வரதராஜன்பேட்டைப் பக்கம் போய் ஒரு வீட்டில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். குழியில் தண்ணீரே ஊற்றாத கக்கூஸ். தரைக்கு மேலேயே இரண்டு அறை, ஏற நாலு படி. மலம் விழும் குழி தனி, சிறுநீர் போகும் வழி தனி, கால் கழுவும் இடமும் தனி, அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. எழுந்ததும் குழியில் ஒரு கொட்டாங்கச்சி சாம்பல் போட்டால் போதும். ஒரு அறை நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததில் போக வேண்டும், மூடியது ஒரு வருடத்தில் மண்ணாகிவிடுமாம். கொத்தனார் வேம்புக்கே விளங்கவில்லை. அம்மா தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டி, கூடவே சித்தாள் வேலையும் பார்த்துக் கட்டி முடித்தாள். எட்டாவதோடு நின்றவள் என்று இத்தனை வருடம் கேலி பேசியிருக்கிறேன். இன்ஜினியர் தோற்றான்.

கெடுத்தது நான்தான். அந்த வருட ஆயுத பூஜைக்கு நம் கடையிலிருந்த வாடகை சைக்கிள், பம்பு, வீட்டுக் கிரைண்டர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தவன், புதுக் கக்கூஸை மட்டும் ஏன் விட வேண்டும் என்று மூன்று குடம் தண்ணீரைக் குழியிலேயே ஊற்றித் தேய்த்துக் கழுவி, கதவுக்குச் சந்தனமும் வைத்தேன். மறுநாள் கிளம்பிய நாற்றத்தில் எதிர்வீட்டு ஜானகி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கோலம் போட்டாள். அம்மா கூடை கூடையாகச் சாம்பலைக் கொட்டி அந்த அறையை மூடினாள். தொறக்கிற அன்னிக்கி நீங்கதான் அள்ளணும், நல்லபடியா இருந்தாதான் புள்ளைக்கிச் சொல்லணும் என்றாள்.

போன மாதம் திறந்தோம். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு குனிந்தேன். உள்ளே பொலபொலவென்று கறுப்பு மண், வேறு ஒன்றும் இல்லை. துண்டை அவிழ்த்து மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது, வெட்கத்தில் சும்மா இருந்துவிட்டேன். இப்போது அதே ஜானகி உன் அம்மாவிடம், எங்க வூட்டுலயும் ஒண்ணு கட்டிக்குடு அமிர்தம் என்று நச்சரிக்கிறாள். நீ பிடித்துக்கொண்டு எழ வசதியாக ஒரு பழைய சைக்கிள் ஹேண்டில்பாரைச் சுவரில் நானே பதித்திருக்கிறேன், இந்தக் கக்கூஸில் என் பங்கு அவ்வளவுதான்.

அந்தப் பொங்கலுக்கு நீ ஓடைக்குப் போகக் கூசியபோது, ஊரே போவுது, ஒனக்கு மட்டும் என்ன என்று சத்தம் போட்டேன். பகலில் ஒதுங்க இடமில்லை என்று நாலு நாளும் நீ தண்ணீரே குடிக்காமல் இருந்ததை அம்மா பிறகுதான் சொன்னாள். அப்பாவை மன்னித்துவிடு. பங்குனி பிறப்பதற்குள் வளைகாப்புப் போட்டு அழைத்து வருகிறோம், மாப்பிள்ளையிடம் சொல்லி வை. நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய எங்கள் இருவர் ஆசியும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த வீட்டுத் தண்ணீர் நீ வயிறு நிறையக் குடிப்பதற்கு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா
சி. தங்கராசு