இரண்டு துடிப்பில் பதில்

ஏன்னா,

கோவில் புளியோதரை தூக்கில் இருக்கிறது, சாப்பிடுங்கள். கம்ப்யூட்டரை மட்டும் அணைத்துவிடாதீர்கள், சோதனை ஓடுகிறது. ப்ராசஸர் ஏதாவது கேட்டால் மெமரி உடனே தராது. கம்ப்யூட்டரின் உள்கடிகாரத்தில் மூன்று துடிப்பு காக்க வைக்கும். அதை இரண்டாகக் குறைத்திருக்கிறேன். ரொம்ப அவசரப்படுத்தினால் தப்பான பதிலைத் தந்துவிடும். திரையில் சிவப்பு வரி விழும். காலையிலிருந்து ஒன்றுகூட விழவில்லை!

நேற்று நீங்கள் ஆபீஸ் கிளம்பும்போது இதைத்தான் சொல்ல வந்தேன். "சீட்டுல எழுதி வைடி, ரயில்ல படிச்சுக்கறேன்" என்றீர்கள். எழுதிவிட்டேன்.

ஸுபத்ரா

பி.கு.: படுக்கும் முன் சிவப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிலை இந்தச் சீட்டில் எழுத வேண்டாம். நான் தூங்கியிருந்தாலும் பரவாயில்லை, எழுப்பி வாயால் சொல்லுங்கள்.